நாள் தள்ளிப்போன ஊசி: கொரோனா காலமும் கைக்குழந்தை தடுப்பூசியும்

என் பையன் பொறந்தது 2020 ஜனவரி 20. ஒண்ணரை மாச ஊசி மார்ச் 4ஆம் தேதி, புதன்கிழமை, எங்க ஊர் சப்-சென்டர்ல போட்டாச்சு. அடுத்த ஊசிக்கு அட்டையில ஏப்ரல் 1ன்னு எழுதிக் கொடுத்தாங்க. நடுவுல மார்ச் 25ல லாக்டவுன் வந்துடுச்சு, பஸ் இல்ல, ஆட்டோ இல்ல, தெருமுனையில தடுப்பு கட்டை, ஆஸ்பத்திரி பக்கம் போனாலே கொரோனா ஒட்டிக்கும்னு எல்லாருக்கும் பயம்.

அந்த ஒரு வாரத்துல எனக்கு மூணு அட்வைஸ் வந்துச்சு. ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்ல சித்தப்பா, "இப்போ ஊசி போட்டா புள்ளைக்கு எதிர்ப்பு சக்தி குறைஞ்சிடும், கொரோனா சுலபமா வந்துடும், ஆறு மாசம் கழிச்சு பாத்துக்கலாம் தம்பி"ன்னாரு. மாமியார், "வீட்ட விட்டு வெளியவே போகாத புள்ளைக்கு எங்கேர்ந்து மாப்ள நோய் வரும்?"னு கேட்டாங்க. என் மனைவியோட ஃப்ரெண்டு போன் பண்ணி, "நாள் தவறிடுச்சுன்னா முதல் ஊசிலேர்ந்து திரும்ப ஆரம்பிக்கணுமாம்டி"ன்னு கிலியைக் கிளப்பிவிட்டுட்டாங்க.

மூணுமே தப்பு. ஆனா மூணு பேரும் அக்கறையில தான் சொன்னாங்க, அதான் பிரச்சனையே. தப்புன்னு எனக்கே அப்போ தெரியாது. அப்புறம் நர்ஸம்மாகிட்டயும் குழந்தை டாக்டர்கிட்டயும் கேட்டுக் கேட்டு புரிஞ்சுக்கிட்டதைத் தான் இங்க எழுதுறேன். நான் டாக்டர் இல்ல, ஆனா ஒரு அப்பாவுக்கு எவ்ளோ தெரிஞ்சா போதுமோ அவ்ளோ தெரியும்.

தடுப்பூசி உடம்புக்குள்ள என்ன பண்ணுது

உங்க தெருவுல ஒரு நாய் இருக்குன்னு வெச்சுக்கங்க. புதுசா ஒரு ஆள் தெருவுக்குள்ள வர்றான். நாய் முதல்ல படுத்தபடியே பாக்கும், அப்புறம் எழுந்து வந்து மோந்து பாக்கும், இவன் யாருன்னு புரியறதுக்குள்ள அவன் நாலு வீட்டுல புகுந்து வேலைய முடிச்சிட்டுப் போயிருப்பான். ஆனா அதே ஆள் ரெண்டாவது தடவை வந்தா? தெருமுனையில அவன் செருப்பு சத்தம் கேக்கும்போதே குரைச்சு ஊரைக் கூட்டிடும். நாய் அதே நாய் தான், பல்லு கூடுதலா முளைக்கல, வாசனை மட்டும் ஞாபகம் இருக்கு.

உடம்பும் இப்படித்தான். புதுசா ஒரு கிருமி வந்தா அதை அடையாளம் கண்டு சண்டைக்கு ஆள் சேக்க ஒண்ணு ரெண்டு வாரம் ஆகும். பெரியவங்க உடம்பு அந்த ரெண்டு வாரத்தை எப்படியாவது தாக்குப்பிடிக்கும், மூணு மாசக் குழந்தையால பல நோய்ல அது முடியாது. அதனால திருடன் வர்றதுக்கு முன்னாடியே திருடனோட சட்டைய மட்டும் கொண்டு வந்து நாய்க்கு மோந்து பாக்கக் கொடுக்குறோம், சட்டை திருடாது, ஆனா வாசனை அதே வாசனை. தடுப்பூசி அந்த சட்டை.

இங்க மூணு வார்த்தை தெரிஞ்சுக்கிட்டா மீதி எல்லாம் சுலபம். கிருமியோட உடம்புல எந்தப் பகுதிய வெச்சு நம்ம உடம்பு அதை அடையாளம் காணுதோ அதுக்குப் பேரு ஆன்டிஜென், அதாவது அந்த வாசனை. அதைப் பாத்து உடம்பு தயாரிக்கிற, கிருமி மேல போய் ஒட்டி அதை முடக்குற புரதத்துக்குப் பேரு ஆன்டிபாடி. சண்டை முடிஞ்ச பிறகும் வருஷக்கணக்கா அந்த வாசனைய ஞாபகம் வெச்சிருக்குற ரத்த அணுக்களுக்கு நினைவு செல்னு பேரு. தடுப்பூசியோட முழு நோக்கமும் நோய் இல்லாமலே இந்த நினைவு செல்களை உண்டாக்குறது தான்.

சில ஊசியில கிருமியோட துண்டு இல்லன்னா செத்துப்போன கிருமி இருக்கும். சிலதுல பலவீனமாக்கின உயிர் கிருமி இருக்கும், தட்டம்மை ஊசி அந்த வகை. ரெண்டுமே சட்டை தான், ஒண்ணு தோய்ச்ச சட்டை, இன்னொண்ணு தோய்க்காதது.

சித்தப்பா சொன்ன "எதிர்ப்பு சக்தி குறைஞ்சிடும்" எங்க தப்பாகுதுன்னு இப்போ புரியும். எதிர்ப்பு சக்திங்கிறது சொம்புல இருக்குற தண்ணி மாதிரி, ஒரு நோய்க்கு ஊத்தினா இன்னொண்ணுக்கு இல்லாம போகும்னு நாம நினைச்சுக்கிறோம். அப்படி இல்லவே இல்ல. ஒவ்வொரு கிருமிக்கும் தனித்தனி அணுக்கள் இருக்கு, கக்குவான் இருமலுக்குப் பழகுறது ஒரு கூட்டம், போலியோவுக்குப் பழகுறது வேற கூட்டம். நம்ம வீட்டுப் புள்ளைங்க தவழ்ந்து போய் தரையில கிடக்குறதை எல்லாம் வாயில போடுதே, அப்போ ஒரு நாள்ல உள்ள போற கிருமிங்களோட ஒப்பிட்டா ஒரே நாள்ல போடுற ரெண்டு மூணு ஊசியெல்லாம் உடம்புக்கு ஒரு வேலையே இல்ல.

சுருக்கமா: ஊசி வெளியிலேர்ந்து சக்தி கொடுக்கிறதும் இல்ல, இருக்குற சக்திய எடுக்கிறதும் இல்ல. உடம்புக்கு ஒரு வாசனைய ஞாபகப்படுத்துது, அவ்ளோ தான்.

ஒரே ஊசியை ஏன் மூணு தடவை

நம்ம ஊர் அரசு அட்டவணைப்படி ஒண்ணரை மாசம், ரெண்டரை மாசம், மூணரை மாசம்னு, சரியா சொன்னா 6, 10, 14 வாரத்துல பென்டாவேலன்ட்னு ஒரு ஊசி போடுறாங்க. ஒரே ஊசியில அஞ்சு நோய்க்கு பாதுகாப்பு: தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி, ஹெபடைடிஸ் பி மஞ்சள் காமாலை, அப்புறம் ஹிப்னு ஒரு கிருமி, குழந்தைங்களுக்கு நிமோனியாவும் மூளைக்காய்ச்சலும் கொண்டு வர்றது. இந்த ஊசி இந்தியாவுல முதன்முதல்ல வந்ததே 2011 டிசம்பர்ல தமிழ்நாட்டுலயும் கேரளாவுலயும் தான், அப்புறம் தான் மத்த மாநிலத்துக்குப் போச்சு. கூடவே போலியோ சொட்டு, ரோட்டா வைரஸ் சொட்டு, போலியோ ஊசி எல்லாம் உண்டு. 2021லேர்ந்து நாடு முழுக்க நிமோனியாவுக்கான நியூமோகாக்கல் ஊசியும் சேர்ந்துடுச்சு.

ஒரே மருந்தை ஏன் மூணு தடவைன்னா, ஏழாம் வாய்ப்பாடு எப்படி மனப்பாடம் பண்ணோம்னு யோசிச்சுப் பாருங்க. ஒரு தடவை படிச்சா நாளைக்கு பாதி மறந்துடும். கொஞ்ச நாள் விட்டு திரும்பப் படிச்சா அப்போ தான் மண்டையில ஏறும். அதுக்காக ஒரே நாள்ல மூணு தடவை படிச்சாலும் பிரயோஜனம் இல்ல, நடுவுல ஒரு இடைவெளி வேணும். முதல் டோஸ்ல கொஞ்சம் நினைவு செல் உருவாகுது, அதுங்க ஓய்வெடுத்து முதிர்ச்சி ஆகுறதுக்கு குறைஞ்சது 4 வாரம் வேணும், அதுக்கப்புறம் ரெண்டாவது டோஸ் போனா முதல் தடவைய விட வேகமா, பல மடங்கு ஆன்டிபாடி வருது.

இந்த இடத்துல தான் நம்ம எல்லாரும் குழம்புறோம். அட்டையில எழுதியிருக்குற தேதிய நாம ட்ரெயின் டைம் மாதிரி பாக்குறோம், தவறவிட்டா அவ்ளோ தான்னு. உண்மையில அது ரேஷன் கடை திறக்குற நேரம் மாதிரி. அதுக்கு முன்னாடி போனா கிடைக்காது, அதுக்கப்புறம் எப்போ போனாலும் வாங்கலாம், ஆனா லேட்டா போற வரைக்கும் வீட்டுல அரிசி இல்ல.

நாலு வாரத்துக்கு பதிலா பத்து வாரம் ஆகிப்போனா முதல் டோஸ்ல உருவான நினைவு செல் எங்கயும் ஓடிப்போகாது, அங்கயே தான் இருக்கும். அதனால விட்ட இடத்துலேர்ந்து தொடர்ந்தா போதும். முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்னு சொல்றது வாய்ப்பாட்டை ரெண்டு மாசம் பாக்காம இருந்தவனை திரும்ப ஒண்ணாங்கிளாஸ்ல உக்கார வைக்கிற மாதிரி.

அப்போ தள்ளிப்போட்டா நஷ்டமே இல்லையான்னா, இருக்கு. நஷ்டம் அந்த நடு நாட்கள்ல. ஒரு டோஸ் மட்டும் போட்ட குழந்தைக்கு அரைகுறை பாதுகாப்பு தான். கக்குவான் இருமல் உயிருக்கே ஆபத்தா போறது பெரும்பாலும் முதல் சில மாசத்துல தான், அந்த மாசங்கள்லயே ஊசிய தள்ளிவெச்சா எதுக்காகப் போடுறோமோ அந்த காலமே முடிஞ்சு போயிடும்.

அம்மா கட்டிக்கொடுத்த பருப்புப்பொடி

இது எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி, கொஞ்சம் விரிவா சொல்றேன்.

முதல் தடவையா மெட்ராஸுக்கு வேலைக்குப் போற பையனுக்கு அம்மா பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய்னு கட்டிக் கொடுத்து அனுப்புவாங்க. அது இருக்குற வரைக்கும் ராஜா. தீந்துபோன அன்னைக்குத் தான் தெரியும் அவனுக்கு சோறு வடிக்கக்கூடத் தெரியாதுன்னு.

குழந்தையும் பொறக்கும்போது இப்படி ஒரு கட்டுசோறோட தான் வருது. கர்ப்பத்தோட கடைசி மாசங்கள்ல அம்மாவோட ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியா குழந்தையோட ரத்தத்துக்குப் போகுது. இதுக்கு தாய்வழி எதிர்ப்புன்னு பேரு. அம்மாவுக்கு தட்டம்மை வந்திருந்தாலோ ஊசி போட்டிருந்தாலோ குழந்தைக்கும் முதல் சில மாசம் தட்டம்மைலேர்ந்து ஒரு காவல் கிடைக்கும். தாய்ப்பால்லயும் ஆன்டிபாடி உண்டு, அது முக்கியமா குடலைக் காப்பாத்தும். ஆனா ரெண்டும் கட்டுசோறு தான், குழந்தை சொந்தமா சமைச்சது இல்ல. மாசம் போகப் போக குறைஞ்சுக்கிட்டே வந்து, தட்டம்மையைப் பொறுத்தவரை ஒன்பது மாசத்துக்குள்ள பெரும்பாலான குழந்தைகளுக்கு டப்பா காலியாயிடும்.

தட்டம்மை ஊசிய ஏன் ஒன்பது மாசம் முடிஞ்சு போடுறாங்க, ஏன் முன்னாடியே போடக்கூடாதுன்னு கேட்டா பதிலும் இதுலயே இருக்கு. பருப்புப்பொடி டப்பாவுல இருக்குற வரைக்கும் பையன் அடுப்பையே பத்த வைக்க மாட்டான். அம்மாவோட ஆன்டிபாடி ரத்தத்துல நிறைய இருக்கும்போது ஊசி போட்டா, ஊசியில வர்ற பலவீனமான வைரஸை அம்மாவோட ஆன்டிபாடியே தீத்துக் கட்டிடும், குழந்தை உடம்பு பாக்கக்கூட வாய்ப்பு கிடைக்காது, ஒண்ணும் கத்துக்காது. அதனால ரொம்ப சீக்கிரமும் வேண்டாம், ரொம்ப லேட்டும் வேண்டாம், டப்பா காலியாகுற நேரம் பாத்து போடணும்.

2022 கடைசியில மும்பையில தட்டம்மை பரவினப்போ இந்தக் கணக்கை மாத்த வேண்டி வந்துச்சு. ஒன்பது மாசம் ஆகாத குழந்தைகளுக்கும் வர ஆரம்பிச்சதால, நோய் அதிகமா இருந்த பகுதியில 6 மாசம் முடிஞ்ச குழந்தைகளுக்கே ஒரு டோஸ் போடலாம்னு மத்திய அரசு சொன்னுச்சு. அதுக்கு ஜீரோ டோஸ்னு பேரு வெச்சாங்க, ஏன்னா அதைக் கணக்குல சேக்க மாட்டாங்க, ஒன்பது மாசத்துல திரும்பப் போட்டே ஆகணும். ஏன் கணக்குல வராதுன்னு இப்போ நீங்களே சொல்லிடுவீங்க.

சுருக்கமா: அம்மா கொடுத்தது கடன் மாதிரி, தீரும். குழந்தை சொந்தமா சம்பாதிக்கிறது தடுப்பூசியில. ஒண்ணு முடியுறதுக்கும் இன்னொண்ணு ஆரம்பிக்கிறதுக்கும் நடுவுல ஒரு இடைவெளி இருக்கு, அது நீளாம பாத்துக்குறது பெத்தவங்க கையில.

வீட்டுக்குள்ளயே இருக்குற குழந்தைக்கு நோய் எங்கேர்ந்து வரும்

மாமியார் கேட்டது நியாயமான கேள்வி. குழந்தை வெளிய போகல, ஆனா நான் பால் வாங்கப் போறேன், மளிகைக் கடைக்குப் போறேன். கக்குவான் இருமல் பெரியவங்களுக்கு வந்தா வெறும் நாள்பட்ட இருமல் தான், அவங்களுக்கே அது என்னன்னு தெரியாது, குழந்தைகிட்ட கொண்டு வந்து சேக்குறது பெரும்பாலும் கூடவே இருக்குற பெரியவங்க தான். ரண ஜன்னிக்கு இன்னொரு மனுஷனே தேவையில்ல, அந்தக் கிருமி மண்ணுலயே இருக்கு. தட்டம்மை வந்தவர் ஒரு ரூமை விட்டு வெளிய போன பிறகும் ரெண்டு மணி நேரம் வரைக்கும் வைரஸ் காத்துலயே இருக்கும்.

லாக்டவுன்ல எல்லாரும் வீட்டுல இருந்தப்போ மத்த தொற்றும் கொஞ்சம் அடங்கித் தான் இருந்துச்சு, உண்மை தான். ஆனா லாக்டவுன் முடியும்ல? அப்போ ஊசி போடாத குழந்தைங்க கூட்டமா வெளிய வருவாங்க.

இதைப் புரிஞ்சுக்க கூரை வீட்டுத் தெருவை நினைச்சுப் பாருங்க. ஒரு கூரையில தீப்பிடிச்சா காத்துக்கு அடுத்த கூரை, அதுக்கடுத்த கூரைன்னு போயிக்கிட்டே இருக்கும். அதே தெருவுல முக்கால்வாசி மாடி வீடு ஆயிடுச்சுன்னா நடுவுல இருக்குற ஒண்ணு ரெண்டு கூரை வீடும் தப்பிச்சுக்கும், பொறி பறந்து வந்தாலும் பத்திக்க பக்கத்துல ஒண்ணும் இல்ல. இதைத் தான் சமூக எதிர்ப்பு சக்தின்னு சொல்றாங்க. நிறைய பேருக்கு பாதுகாப்பு இருந்தா ஊசி போட முடியாத, இன்னும் வயசு வராத குழந்தையும் அந்த நிழல்ல தப்பிக்கும்.

எத்தனை வீடு மாடியாகணும்ங்கிறது தீயோட வேகத்தைப் பொறுத்தது. யாருக்குமே எதிர்ப்பு இல்லாத இடத்துல தட்டம்மை வந்த ஒருத்தர் 12லேர்ந்து 18 பேருக்குப் பரப்புவார். அந்த 18 பேர்ல 17 பேருக்கு பாதுகாப்பு இருந்தா தான் அவர்கிட்டேர்ந்து ஒரே ஒருத்தருக்கு மேல போகாது. 18ல 17ன்னா கிட்டத்தட்ட 95 சதவீதம். நூத்துக்கு 85 குழந்தைக்குப் போட்டாச்சே, நல்லாத்தானே இருக்குன்னு தோணும், ஆனா தட்டம்மைக்கு அது பத்தவே பத்தாது.

இப்போ உண்மையான கணக்கைப் பாருங்க. உலக சுகாதார அமைப்பும் யூனிசெஃபும் சேர்ந்து வெளியிடுற கணக்குப்படி, டிபிடி ஊசியில (தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி மூணுக்குமானது) முதல் டோஸ்கூட போடாத குழந்தைங்க 2019ல இந்தியாவுல சுமார் 14 லட்சம். 2020ல அது 30 லட்சத்தைத் தாண்டுச்சு. ஒரே வருஷத்துல ரெண்டு மடங்கு. நம்ம நர்ஸுங்களும் ஆஷாங்கிற கிராம சுகாதாரப் பணியாளர்களும் வீடு வீடா அலைஞ்சு 2022ல 11 லட்சத்துக்குக் கொண்டு வந்தாங்க, அது பெரிய சாதனை தான், ஆனா அதே 2022ல தான் மும்பை கோவண்டி பக்கம் குழந்தைங்க தட்டம்மையில செத்துப்போனாங்க. கொரோனா நேரடியா குழந்தைகளை அதிகமா தொடல, ஆனா ரெண்டு வருஷம் கழிச்சு வேற வாசல் வழியா வந்துச்சு.

ஆஸ்பத்திரிக்குப் போனா கொரோனா வந்துடாதா

2020ல இந்த பயம் எனக்கும் இருந்துச்சு, அது முட்டாள்தனமான பயம்னு இன்னைக்கும் சொல்ல மாட்டேன். வீட்டுல 74 வயசுல எங்க அப்பா இருந்தாரு.

அந்த வருஷமே லான்செட் குளோபல் ஹெல்த்ங்கிற மருத்துவ இதழ்ல ஆப்பிரிக்க நாடுகளை வெச்சு ஒரு கணக்கு போட்டாங்க. ஊசி போட ஆஸ்பத்திரிக்குப் போறதால குடும்பத்துல யாருக்காவது கொரோனா வந்து கூடுதலா ஒரு மரணம் நடந்தா, அந்த ஊசிகள் 84 குழந்தைகளோட மரணத்தைத் தடுக்கும்னு வந்துச்சு. நாட்டுக்கு நாடு இந்த எண்ணு மாறும், ஆனா தராசு எந்தப் பக்கம் சாயுதுன்னு தெரியுதுல்ல. அந்த ஒரு மரணமும் பெரும்பாலும் வீட்டுல இருக்குற வயசானவருக்கு தான் வரும்னும் அதுல இருந்துச்சு, அதனால யார் குழந்தைய தூக்கிட்டுப் போறாங்க, திரும்பி வந்து யார்கிட்ட போறாங்கங்கிறது முக்கியம்.

உலக சுகாதார அமைப்பு 2020 மார்ச் கடைசியிலயே, ஊரைக் கூட்டிப் போடுற பெரிய முகாம்களை நிறுத்தி வைங்க, ஆனா வழக்கமான குழந்தை ஊசிய விடாதீங்கன்னு சொல்லிடுச்சு. நம்ம மத்திய அரசு மே மாசம் வழிமுறை கொடுத்தப்போ, பொறந்தவுடனே போடுற ஊசி சிவப்பு, ஆரஞ்சு, பச்சைன்னு எந்த கொரோனா மண்டலமா இருந்தாலும் நடக்கணும், அடைச்சு வெச்ச பகுதியில வெளி முகாம் மட்டும் வேண்டாம்னு பிரிச்சு சொன்னாங்க. அந்த "நிறுத்தி வைங்க"ங்கிற பாதி மட்டும் எல்லார் காதுலயும் விழுந்துச்சு, "விடாதீங்க"ங்கிற மீதிப் பாதி வாட்ஸ்அப்ல வரவே இல்ல. நம்ம ஊருக்கு இது புதுசும் இல்ல, 2017 பிப்ரவரியில தமிழ்நாட்டுல தட்டம்மை ரூபெல்லா முகாம் நடந்தப்பவும் வாட்ஸ்அப் வதந்திய நம்பி எத்தனை பேர் புள்ளைங்கள ஸ்கூலுக்கே அனுப்பாம வெச்சிருந்தாங்கன்னு ஞாபகம் இருக்கலாம்.

அப்போ பெத்தவங்க வேலை என்ன

ஊசி போடுறது நர்ஸ், மருந்து கொடுக்குறது அரசாங்கம், நமக்கென்ன வேலை தூக்கிட்டுப் போறது தானேன்னு நானும் நினைச்சேன். சாதாரண காலத்துல அது ஓரளவு சரி, நர்ஸம்மாவே வீட்டுக்கு வந்து "புதன்கிழமை வந்துடுங்க"ன்னு சொல்லிட்டுப் போவாங்க. தொற்று காலத்துல அவங்க கொரோனா வேலைக்குப் போயிடுவாங்க, ஞாபகப்படுத்த ஆள் இருக்காது. அப்போ அந்த ஞாபகம் முழுக்க நம்ம தலையில.

முதல் வேலை, அட்டை. தாய் சேய் நல அட்டைய போட்டோ எடுத்து போன்ல வெச்சுக்கங்க, அம்மா போன்லயும் அப்பா போன்லயும். அடுத்து போன் நம்பர். உங்க பகுதி கிராம சுகாதார செவிலியரோட நம்பர் கையில இருந்தா பாதி பிரச்சனை தீந்துடும். நான் ஏப்ரல் முழுக்க பயந்துக்கிட்டே இருந்துட்டு மே மாசம் தான் போன் பண்ணேன், அவங்க, "அட ஏன் சார் இவ்ளோ நாள் கேக்காம இருந்தீங்க, பி.எச்.சி.ல போட்டுக்கிட்டுத்தானே இருக்கோம், காலையில பத்து மணிக்கு வாங்க, கூட்டம் இருக்காது"ன்னு சாதாரணமா சொன்னாங்க. ஒரு மாசப் பயம் ஒரு நிமிஷ போன்ல போச்சு.

போகும்போது குழந்தையோட ஒருத்தர் போதும், பாட்டி தாத்தாவைக் கூட்டிட்டுப் போக வேண்டாம். பெரியவங்களுக்கு மாஸ்க், கைக்குழந்தைக்கு மாஸ்க் போடவே கூடாது, மூச்சு முட்டும். வீட்டுல யாருக்காவது காய்ச்சல், இருமல் இருந்தா அன்னைக்குப் போகாதீங்க, போன் பண்ணி வேற நாள் கேளுங்க. ஆனா குழந்தைக்கு லேசா சளி இருக்குன்னு மட்டும் தள்ளிப்போடாதீங்க, சின்ன சளி ஊசிக்குத் தடை இல்ல, காட்டிட்டு கேட்டுக்கலாம். முந்தின ஊசிக்கு வலிப்பு, உடம்பெல்லாம் தடிப்புன்னு எதாவது வந்திருந்தா அதை மறக்காம முதல்ல சொல்லணும்.

போட்டு முடிச்சு அரை மணி நேரம் அங்கயே உக்காரணும். கூட்டத்தைப் பாத்து பயந்து ஓடி வந்துடாதீங்க, வாசல்ல மரத்தடியில நின்னாலும் சரி. கடுமையான அலர்ஜி ரொம்ப ரொம்ப அபூர்வம், ஆனா வந்தா பெரும்பாலும் அந்த அரை மணி நேரத்துக்குள்ள தான் வரும்.

ஒரு சின்ன தகவல், எனக்கு இது தெரிஞ்சப்போ ஆச்சரியமா இருந்துச்சு. லாக்டவுன்ல கரண்டு போயிருந்தா மருந்து கெட்டுப்போயிருக்காதான்னு கேட்டேன். தடுப்பு மருந்தை 2லேர்ந்து 8 டிகிரி குளிர்ல வெச்சிருக்கணும். அந்த குப்பி மேல ஒரு சின்ன வட்டமும் அதுக்குள்ள ஒரு வெள்ளை சதுரமும் இருக்கும். சூடு பட பட சதுரம் கறுத்துக்கிட்டே வரும், சதுரம் வட்டத்தோட நிறத்துக்கு வந்துட்டா அந்த மருந்தைத் தூக்கிப் போட்டுடணும். நர்ஸம்மா எனக்கு எடுத்துக் காட்டினாங்க, கேட்டதுக்கு கோவிச்சுக்கவும் இல்ல.

ஊசி போட்டா காய்ச்சல் வருதே

வரும். முக்கியமா பென்டாவேலன்ட் போட்ட அன்னைக்கு ராத்திரி. நாய் குரைச்சா தெருவே கொஞ்சம் சத்தமாத்தான் இருக்கும், உடம்பு கத்துக்குதுன்னு அர்த்தம். காய்ச்சலே வரலைன்னாலும் ஊசி வேலை செய்யலன்னு அர்த்தம் இல்ல. டாக்டர் குழந்தையோட எடைக்கு சொன்ன அளவுல பாராசிட்டமால் சொட்டு, தாய்ப்பால், தளர்வான துணி, இது போதும். போட்ட இடத்துல எண்ணெய் தேய்க்கிறது, மஞ்சள் பத்து போடுறது, அழுத்தித் தேய்ச்சு விடுறது எதுவும் வேண்டாம்.

தட்டம்மை ஊசிக்கு காய்ச்சல் அன்னைக்கே வராது, ஒரு வாரம் பத்து நாள் கழிச்சு லேசா காய்ச்சலும் செம்பொரியும் வரலாம், ஏன்னா உள்ள போன பலவீன வைரஸ் கொஞ்சம் பெருகுறதுக்கு அவ்ளோ நாள் ஆகுது. காசநோய்க்கான பிசிஜி ஊசி போட்ட இடது கை மேல நாலு ஆறு வாரத்துல சின்ன புண் வந்து தழும்பாகும், நம்ம எல்லார் கையிலயும் இருக்குமே அது. வலிப்பு வந்தாலோ, மூணு மணி நேரத்துக்கு மேல விடாம அழுதாலோ, மூச்சு வாங்கினாலோ, பால் குடிக்காம துவண்டு போனாலோ உடனே ஆஸ்பத்திரி. கொரோனா காலத்துல இன்னொரு குழப்பம், காய்ச்சல் ஊசியாலயா கொரோனாவாலயான்னு. பென்டாவேலன்ட் காய்ச்சல்னா ரெண்டு நாள்ல இறங்கிடும், அதுக்கு மேல போனா காட்டிடுங்க.

கொரோனா ஊசி கைக்குழந்தைக்கு உண்டா

நம்ம நாட்டுல 2022 ஜனவரி 3லேர்ந்து 15 வயசுக்கு மேல, மார்ச் 16லேர்ந்து 12 வயசுக்கு மேலன்னு தான் கொடுத்தாங்க. கைக்குழந்தைக்கு கொடுக்கல. அப்போ குழந்தைய எப்படி காப்பாத்துறது? அதே பருப்புப்பொடி கதை தான். 2021 ஜூலையில கர்ப்பிணிகள் கொரோனா ஊசி போட்டுக்கலாம்னு அனுமதி வந்துச்சு, பால் கொடுக்குற அம்மாக்களுக்கு அதுக்கு முன்னாடி மே மாசமே வந்துடுச்சு. கர்ப்பத்துல போட்டா ஆன்டிபாடி குழந்தைக்கும் போகும். அப்பா, தாத்தா, பாட்டி எல்லாரும் போட்டுக்கிட்டா குழந்தைய சுத்தி மாடி வீடு. பெத்தவங்க பங்குன்னு சொல்றதுல இதையும் சேக்கணும், ஊசி போட்டுக்க வேண்டிய கை சில சமயம் நம்ம கையா இருக்கும்.

தள்ளிப்போச்சுன்னா எது வரைக்கும் போடலாம்

ரேஷன் கடைன்னு சொன்னேன்ல, சில கடை மூடிடும், அதை மட்டும் தெரிஞ்சு வெச்சுக்கணும். பொறந்தவுடனே போடுற ஹெபடைடிஸ் பி முதல் 24 மணி நேரத்துக்குள்ள, முதல் போலியோ சொட்டு 15 நாளுக்குள்ள. பிசிஜி ஒரு வயசு வரைக்கும் போடலாம். ரோட்டா சொட்டும் பென்டாவேலன்ட்டும் முதல் டோஸை ஒரு வயசுக்குள்ள ஆரம்பிச்சிடணும், ஆரம்பிச்சிட்டா மீதிய தொடரலாம். ஒரு வயசு வரைக்கும் பென்டா ஆரம்பிக்கவே இல்லன்னா டிபிடி ஊசிய 7 வயசு வரைக்கும் போடலாம். தட்டம்மை ரூபெல்லா ஊசி விட்டுப்போயிருந்தா 5 வயசு வரைக்கும் அரசு மையத்துலயே போடுவாங்க, ரெண்டு டோஸும் வேணும், ஒரு டோஸ் போட்டு நூத்துக்கு ஒரு 15 குழந்தைக்கு பிடிக்காம போகும், ரெண்டாவது அதுக்குத் தான்.

அட்டை தொலைஞ்சு போச்சுன்னு வெட்கப்பட்டு போகாம இருக்காதீங்க, செவிலியர்கிட்ட ரிஜிஸ்டர் இருக்கு, அதுல உங்க குழந்தை பேரு இருக்கும்.

என் பையனுக்கு ஏப்ரல் 1ல போட வேண்டியது மே 13ல போட்டோம், ஆறு வாரம் லேட். முதல்லேர்ந்து ஆரம்பிக்கணுமான்னு கேட்டேன், நர்ஸம்மா சிரிச்சுக்கிட்டே அட்டையில பழைய தேதிய அடிச்சிட்டு, ரெண்டாவது டோஸ் கட்டத்துல அன்னைக்குத் தேதிய எழுதி, அதுக்குப் பக்கத்துல ஜூன் 10ன்னு எழுதிக் கொடுத்தாங்க. மாமியார் அன்னைக்கு ராத்திரி முழுக்க அவனைத் தோள்ல போட்டுக்கிட்டு உலாத்துனாங்க, ஜூன் 10 காலையில எனக்கு முன்னாடி அவங்க தான் அட்டைய எடுத்து பைல வெச்சிருந்தாங்க.